உரிமம் இல்லாத உம்

இதை எங்கே தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்பதுதான் மணியக்காவின் முதல் பயம். சரியாகச் சொல்லிவிடுவோமோ என்பது இரண்டாவது பயம்.

தலைமை அலுவலகத்துக் கடிதம் சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்கு அடியில் இருந்தது. பறந்துவிடக் கூடாதே என்று அப்படி வைத்தது. பறந்துபோனால் நல்லதுதானே என்று தோன்றியதும் டப்பாவை எடுத்துவிட்டு, ஜன்னலையும் திறந்து வைத்துப் பார்த்தாள். கடிதம் அசையவில்லை. அலுவலகத் தாள், கனமான தாள்.

"தாங்கள் உரிய பயிற்சியோ, உரிமமோ, குருப்பட்டமோ இன்றி ஆலய வளாகத்தில் பலருக்கும் செவிகொடுத்து வந்துள்ளதாகத் தெரியவருகிறது. இது நிரூபணமாகும் பட்சத்தில் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவதுடன், ஆலயத்தின் பின்புறமுள்ள இரண்டறைக் குடியிருப்பையும் முப்பது நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எழுத்து மூலமான விளக்கத்துடன் ஆஜராகவும்."

மணியக்கா அந்த ஆலயத்தில் மணி அடிப்பவள். மணி அடித்தது போகக் கூட்டுவாள், துடைப்பாள், பெஞ்சுகளைத் தூசி தட்டுவாள், தொங்கிப்போன மைக்கின் கழுத்தை நிமிர்த்தி வைப்பாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை, இதே வீடு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத வரும், விளக்க வராது. 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று முதலில் எழுதினாள். பத்தொன்பது வருஷமாக ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டுவிட்டால்? கிழித்தாள். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று எழுதினாள். அப்படியென்றால் செய்தது நிஜம்தானே? கிழித்தாள். 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்றால் இதுவரை செய்ததற்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கடைசியில் 'ஐயா' என்று மட்டும் எழுதி நிறுத்தினாள். விசாரிக்க வருவது ஒரு அம்மா என்று ஞாபகம் வந்தது. அதையும் கிழித்தாள்.

வீட்டுக்காரர் கடிதத்தை எடுத்து, தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"செவி குடுத்தியாமே? யாருக்குக் குடுத்தே? வீட்டுல ஒரு ஆளு ரெண்டு காதும் போயி உக்காந்திருக்கேன், எனக்குக் குடுக்கணும்னு தோணலையே உனக்கு."

"சிரிங்க, நல்லா சிரிங்க. வீடு போனதும் ரோட்டுல உக்காந்து மிச்சத்தைச் சிரிக்கலாம்."

அவருக்குக் காது போன விதம் பரிதாபமானது. அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறி அச்சாகிவிட்டது. அதற்கு விசாரணை வைத்தார்கள். விசாரணை நடந்த அன்றைக்கே, பாவம், காது போய்விட்டது. மெஷின் சத்தத்தால் வந்த வினை என்று நிர்வாகமே மனம் இளகி, கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டு, ஒரு காது மெஷினும் கொடுத்து அனுப்பியது. அதை அவர் ஒருநாளும் மாட்டியதில்லை. "இதை வெச்சா சத்தம் ஜாஸ்தியா கேக்குது" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அது மேஜை டிராயரில் தூங்குகிறது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இடி விழுந்தாலும் கேட்காது. டீ ஆற்றும் சத்தம் மட்டும் அடுத்த தெருவில் இருந்தாலும் கேட்டுவிடும். அது காது வேலை இல்லை, மூக்கு வேலை என்று மணியக்கா முடிவு கட்டியிருந்தாள்.

"விசாரணைன்னா ஒரே வழிதான்" என்றார் அவர். "கேள்வி கேக்கறவங்களுக்கு அலுத்துப்போகணும்."

"எனக்கு இப்பவே அலுத்துப்போச்சுங்க."

"நீ கேள்வி கேக்கறவ இல்லையே."

எல்லாம் போன வருஷம் வந்த ஒரு சுற்றறிக்கையில் ஆரம்பித்தது. அதுவரைக்கும் அந்த ஆலயத்தில் யாருக்காவது மனசு சரியில்லையென்றால் போதகர் அறைக்குப் போவார்கள். போதகர் நல்ல மனுஷர். பக்கத்தில் உட்காரவைத்து, அழுதால் அழவிட்டு, தோளில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்புவார். போனவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்து வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். இது இப்படியே நடந்துகொண்டிருந்தால் இதற்கு ஒரு கணக்கே இல்லாமல் போய்விடும் என்று தலைமை அலுவலகத்துக்குக் கவலை வந்தது. 'ஒருங்கிணைந்த ஆன்ம மற்றும் மனநல ஊழியத் திட்டம்' பிறந்தது. எல்லாப் போதகர்களும் நாற்பது நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு.

"நாப்பது நாளா? ஆண்டவர் போன மாதிரி வனாந்தரத்துக்கா ஐயா?" என்று மணியக்கா வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"இல்லைம்மா. ஏசி போட்ட ஹால்."

போகும்போது ஒரு பையோடு போன போதகர், திரும்பி வரும்போது ஒரு சான்றிதழ், ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, ஒரு பிளாஸ்டிக் செடி, நாலு வகைப் படிவம் இவற்றோடு வந்து இறங்கினார். சுவரில் சிலுவைக்குப் பக்கத்தில் சான்றிதழை மாட்டச் சொன்னார். சிலுவையைவிடச் சான்றிதழ் பெரிசாக இருந்ததால் சிலுவையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டி வந்தது.

பழைய பிரம்பு நாற்காலியும் அதே அறையில்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே போதகர் தரையில் ஒரு கோடு போடச் சொன்னார். மணியக்கா சாக்பீஸால் போட்டாள். நாளைக்குத் துடைக்கும்போது அழிந்துவிடுமே என்றாள். தினமும் புதுசாகப் போடணும் என்றார்.

"பிரம்பு நாற்காலியில உக்காந்தா நான் போதகர். சுழல் நாற்காலியில உக்காந்தா ஆலோசகர். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாதுன்னு பாடம். ஆலோசகர்கிட்ட சொன்னது ரகசியம். அது போதகருக்குத் தெரியக் கூடாது."

"ரெண்டு பேரும் நீங்கதானே ஐயா?"

"அதனாலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

பயிற்சியிலேயே கஷ்டமான பாடம் 'உம்' என்று போதகர் சொன்னார். ஒருவர் மனக்கஷ்டத்தைச் சொல்லும்போது நடுநடுவே உம் கொட்ட வேண்டும். அதில் மூன்று வகை: ஏற்பு உம், ஊக்க உம், வினா உம். போதகர் ஏற்பு உம்மில் தேறிவிட்டார். ஊக்க உம்மில் நிபந்தனைத் தேர்ச்சி. வினா உம்மில் போய்விட்டது, மறுபடி எழுதணும். ஆளில்லாத ஆலயத்தில் அவர் நின்று "உம்... உம்ம்... உம்?" என்று பழகிக்கொண்டிருந்ததைக் கேட்டு, வயிற்றுவலி போலிருக்கிறது என்று மணியக்கா வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழகியும் பிரயோசனமில்லை. அவருடைய உம் எப்போதும் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தது. சொல்கிறவர் அழுது முடித்து முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது "உம்" என்பார். அழுதவர் பதறிப்போய், "என்னங்க ஐயா?" என்பார். மறுபடி முதலிலிருந்து.

திட்டத்தின் முதல் பயனாளி தையல்காரர். மனைவி இறந்துபோய் எட்டு நாள் ஆகியிருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க வந்து உட்கார்ந்தார். மணியக்கா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. பாதுகாப்பு கருதிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும், ரகசியம் கருதி வெளியே யாரும் கேட்கக் கூடாது என்று விதிமுறை.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் போதகர்.

"என்ன ஐயா இது?"

"அழுகைக்கான சம்மதப் படிவம். அழறதுக்கு முன்னாடி போடணும்."

தையல்காரர் போட்டார்.

"உங்க துக்கம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு?"

தையல்காரர் யோசித்தார். "அங்குலத்துலயா ஐயா?"

"சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒன்பது வெச்சுக்குங்க. தையலுக்கு ஒண்ணு விட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். "காலையில எந்திரிச்சு டீ போடுறேன் ஐயா. கை தானா ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சுடுது. ரெண்டு டீ போட்டுடுறேன். அப்புறம் அந்த ரெண்டாவது டம்ளரைப் பாக்கும்போது... எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா."

"ஜெபம் அந்த நாற்காலி" என்றார் போதகர். எழுந்து, கோட்டைத் தாண்டி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க தம்பி, என்ன விஷயம்?"

"இப்பதானே ஐயா சொன்னேன்? ரெண்டு டீ..."

"அது ஆலோசகர்கிட்ட சொன்னது. எனக்குத் தெரியாது."

"சரி, மறுபடி சொல்றேன். காலையில எந்திரிச்சு..."

"இருங்க, இருங்க. ஆலோசகர்கிட்ட சொன்ன விஷயத்தை நீங்களா போதகர்கிட்ட சொல்லக் கூடாது. முறைப்படி ஆலோசகர் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதணும்."

அவர் மறுபடி கோட்டைத் தாண்டிச் சுழல் நாற்காலிக்குப் போனார். 'அன்புடையீர்' என்று ஆரம்பித்துத் தனக்கே ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்டார். கோட்டைத் தாண்டி வந்து அதைப் பெற்றுக்கொண்டார். வரவுப் பதிவேட்டில் ஏற்றினார்.

"ஏழு வேலை நாளுக்குள்ள பதில் போடுவேன்" என்றார். அவர் முகத்திலும் வேர்த்திருந்தது. அவருக்கும் அந்த மனுஷன் தோளில் கை வைக்கத்தான் ஆசை. ஆனால் தொடுதலுக்குத் தனிப் படிவம், அது இன்னும் அச்சாகி வரவில்லை.

தையல்காரர் வெளியே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். மணியக்கா அந்தப் பெஞ்சைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். நகரச் சொல்ல மனசு வரவில்லை. அவர் அவளைப் பார்க்காமலே, எதிர்ப் பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவள் துடைத்துக்கொண்டே, "உம்" என்றாள். அவர் மேலே சொன்னார். "உம்" என்றாள். அவர் நிறுத்தினார். அவளும் துணியை நிறுத்தினாள். அவர் அழுது முடிக்கும்வரை அந்த ஒரு சாண் பலகையையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள். "அந்த ரெண்டாவது டீயை என்ன பண்றீங்க தம்பி?"

"கொட்டிடுறேன்க்கா."

"நல்ல டீயைக் கொட்டுவாங்களா? பிளாஸ்குல ஊத்தி இங்க கொண்டாங்க. எனக்கும் வீட்டுல ஒரு வேலை மிச்சம்."

மறுநாளிலிருந்து அவர் கடை திறக்கப் போகும் வழியில் பிளாஸ்க்கோடு வந்தார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் தான் எந்த விதத்திலும் பொறுப்பில்லை என்று மணியக்கா இன்றைக்கும் நினைக்கிறாள்.

போதகர் அறையில் படிவம் நிரப்பிவிட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டியவர்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். நாள் பூரா எல்லாரையும் முன்னே போகச் சொல்லிச் சொல்லி வீட்டில் தான் சொன்னால் ஒரு ஆள் நகராத பஸ் கண்டக்டர். ஊருக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு, சொந்த அம்மாவுக்குத் தன்னை அடையாளம் தெரியாமல் போனதைத் தாங்க முடியாத நர்ஸ். மணியக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கடைசிப் பெஞ்சு வேறு எந்தப் பெஞ்சிலும் இல்லாத பளபளப்பு பெற்றது.

வந்தது வினை படிவத்தில். நாலாவது படிவத்தில் 'தற்போதைய துக்க அளவு' என்று ஒரு கட்டம். பக்கத்தில் 'முன்னேற்றத்திற்கான காரணம்' என்று இன்னொரு கட்டம். தையல்காரர் நேர்மையான மனுஷர், துணியில்கூட ஒரு சாண் எடுக்க மாட்டார். துக்க அளவு நாலு என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'மணியக்கா உம் சொன்னாங்க' என்று எழுதினார். மற்றவர்கள் அவர் எழுதியதைப் பார்த்து எழுதினார்கள்.

சபைச் செயலாளர் படிவங்களைச் சேகரித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். எதையும் படித்துவிட்டு அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கையில் எப்போதும் ஒரு முத்திரை வைத்திருப்பார். காகிதம் என்று எது எதிரே வந்தாலும் குத்துவார். ஒருமுறை பலகாரம் சுற்றி வந்த தாளிலும் குத்தியிருக்கிறார். அதனால் எல்லாரும் அவரை முத்திரை மாமா என்பார்கள்.

தலைமை அலுவலகத்தில் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். வேறு எந்தச் சபையிலும் துக்கம் இறங்கவே இல்லை. சில இடங்களில் படிவம் நிரப்பியதாலேயே ஏறியிருந்தது. இந்த ஒரு சபையில் மட்டும் ஒன்பதிலிருந்து நாலு. உடனே 'சிறந்த ஒருங்கிணைப்பு விருது' என்று ஒரு கோப்பு திறந்தார்கள். விருதுப் பத்திரம் எழுத வேண்டுமே, காரணத்தையும் பார்ப்போம் என்று யாரோ அடுத்த கட்டத்தைப் படித்தார்கள். முப்பத்தோரு படிவத்திலும் மணியக்கா. அந்தக் கோப்பையே விசாரணைக் கோப்பாக மாற்றினார்கள். எண் அதேதான், மேலே ஒட்டிய சீட்டு மட்டும் வேறு.

திங்கட்கிழமை காலை மணியக்கா கிளம்பும்போது வீட்டுக்காரர் டிராயரைத் திறந்து காது மெஷினை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதைக் காதுல மாட்டிக்கோ. மத்ததை அவங்க பாத்துப்பாங்க."

"ஐயோ, பொய் சொல்லச் சொல்றீங்களா? அதுவும் ஆலயத்துல?"

"எங்க சொல்லச் சொன்னேன்? மாட்டத்தானே சொன்னேன்."

அவளுக்கு உடன்பாடில்லை. ஆனால் வாசலில் நின்று வாதாட நேரமில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். விளக்கம் என்று ஒரு வெள்ளைத் தாள் கையில் இருந்தது. அதில் தேதி மட்டும் எழுதியிருந்தாள். அதில் தப்பு வர வழியில்லை.

விசாரணை போதகர் அறையில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருங்கிணைப்பு அதிகாரியம்மா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜையில் வைத்த அவருடைய செல்போன் நடுநடுவே உறுமியது. எடுத்துப் பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொண்டு கவிழ்த்து வைப்பார். முத்திரை மாமா முத்திரையைத் தயாராகப் பிடித்திருந்தார். போதகர் மட்டும் சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் நிக்கிறீங்க போதகரே? உக்காருங்க."

"எதுல உக்காரணும்னு சொன்னீங்கன்னா..."

"இது ஒழுங்கு விசாரணை. போதகராவே இருங்க."

அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிகாரியம்மா தாளைப் புரட்டினார். "முதல் கேள்வி. தையல்காரர் உங்களுக்கு டீ குடுத்தாரா?"

மணியக்கா இரண்டு பதிலையும் எடை போட்டாள். கொடுத்தார் என்றால் குற்றம். கொடுக்கவில்லை என்றால் பொய். காலி டம்ளர் இன்னும் மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"ஆலோசனை பெறுபவரிடமிருந்து பானம் பெறுவது கடுமையான மீறல்" என்று அதிகாரியம்மா முத்திரை மாமாவிடம் சொன்னார். "சரி, அதை விடுங்க. நீங்க 'உம்' சொன்னீங்களா?"

மணியக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சொன்னது எந்த உம்? ஏற்பு உம்மா, ஊக்க உம்மா, வினா உம்மா?"

"வினா உம்மா இருக்க வாய்ப்பில்லை மேடம்" என்றார் போதகர். "அது ரொம்பக் கஷ்டம்."

"அப்ப ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொல்லுங்க."

முத்திரை மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தாம்மா, ஒரு உம் சொல்லு, அம்மா கேக்கறாங்கல்ல."

சொன்னால் மூன்று சாட்சிகள் முன்னால் புதுசாக ஒரு குற்றம். மணியக்காவுக்குக் காதெல்லாம் அடைத்தது. கண்ணீர் வந்தது. அழுகைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு பயம். கர்சீப் எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டு இழுத்தாள். கர்சீப்போடு சேர்ந்து காது மெஷின் வந்து மேஜை மேல் 'டக்' என்று விழுந்தது.

அறையே அதைப் பார்த்தது.

"இது என்ன?" என்று அதிகாரியம்மா கேட்டார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டார். பதில் இல்லை. எழுந்து நின்று, கைகளைக் குவித்துக் கத்தினார். "இது என்ன?"

மணியக்கா மெஷினை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மாட்டிக்கொண்டாள்.

அதிகாரியம்மா தொப்பென்று உட்கார்ந்தார். "போதகரே, இவங்களுக்குக் காது கேக்காதா?"

போதகர் மணியக்காவைப் பார்த்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்துக்கு நடுவே "மணியக்கா, ஃபேனு" என்று முணுமுணுத்திருக்கிறார். கடைசிப் பெஞ்சிலிருந்து அவள் எழுந்துபோய்ப் போட்டிருக்கிறாள். அவர் எழுந்தார். கோட்டைத் தாண்டினார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுற்று சுற்றி நின்றார்.

"அது போதகருக்குத் தெரிஞ்ச விஷயமா இருக்கலாம் மேடம். ஆலோசகர்ங்கற முறையில எனக்கு அந்தத் தகவல் இல்லை."

"இப்பதானே அந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க!"

"ஆமா மேடம். வேணும்னா போதகருக்குக் கடிதம் எழுதிக் கேக்கறேன். ஏழு வேலை நாள் ஆகும்."

"நான் இன்னிக்கே கோப்பை முடிச்சாகணும்!"

"திட்டத்தோட விதி மேடம். நீங்க எழுதினதுதான்."

அதிகாரியம்மா செல்போனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். 'குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செவிப்புலன் இல்லாமையால் அவர் யாருக்கும் செவிகொடுத்திருக்க இயலாது என முடிவு செய்யப்படுகிறது. முப்பத்தோரு நபர்களின் முன்னேற்றம் தற்செயலானது. பணியும் குடியிருப்பும் தொடரலாம்.' முத்திரை மாமா ஓங்கிக் குத்தினார். மணியக்கா திடுக்கிட்டாள். நல்லவேளை, அதிர்வுக்கும் ஆள் திடுக்கிடலாம் என்று யாரும் அதைக் குறிக்கவில்லை.

வீடு தப்பியது. நிம்மதிதான் தப்பவில்லை.

மணியக்காவுக்குக் காது கேட்காது என்று அலுவலகமே எழுதிக் கொடுத்துவிட்டது பரவியதும், அதுவரைக்கும் வராதவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். கேட்கிறவளிடம் சொல்ல முடியாததைக் கேட்காதவளிடம் சொல்லலாம் அல்லவா? முதலில் முத்திரை மாமா வந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியறதில்லைம்மா. ஆறு வருஷமா எதையுமே படிக்காமதான் குத்தறேன். வீட்டுல சொன்னா கண்ணாடி போடச் சொல்லுவா" என்றார். சொல்லிவிட்டுப் பத்து வயது குறைந்த மாதிரி நடந்து போனார். அடுத்த வாரம் போதகர் வந்தார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் தான் கேட்டதெல்லாம் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தனக்கு ஒரு முக்காலி கிடைத்தால் போதும் என்றார். மூன்றாவதாக ஆலய வாசலில் அலுவலகக் கார் வந்து நின்றது. அதிகாரியம்மா இறங்கி வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய மகள் எட்டு மாதமாகப் பேசுவதில்லை. செய்தி அனுப்பினால் கட்டை விரல் படம் ஒன்று மட்டும் திரும்பி வருகிறது. செல்போன் உறுமியதெல்லாம் அந்தக் கட்டை விரல்தான்.

"உம்" என்றாள் மணியக்கா, பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது. செவிடு சரியான இடத்தில் உம் கொட்டுமா? அகப்பட்டால் பழைய கோப்பை மறுபடி திறப்பார்கள். சீட்டு மாற்ற அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அன்றைக்கே ஒரு தற்காப்பு கண்டுபிடித்தாள். உம்மைத் தப்பான இடங்களில் சொல்வது. அதிகாரியம்மா மூச்சு வாங்கும்போது சொல்லாமல் விட்டாள். ஒரு வாக்கியத்தின் நடுவில், "நான் அவளை அடிச்சதே..." என்னும் இடத்தில் "உம்" போட்டாள். அதிகாரியம்மா நிமிர்ந்தார். போச்சு, மாட்டினோம் என்று மணியக்கா துணியைப் பிழிந்தாள்.

"சரியாச் சொன்னீங்க" என்றார் அதிகாரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் அதை யோசிக்கவே இல்லை."

போதகரிடமும் தப்பாகவே சொன்னாள். முத்திரை மாமாவிடம் அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே இரண்டு போட்டுவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் துக்கம் இறங்கியது. ஒருவர் மட்டும் கவனித்தார்.

"என்னக்கா" என்றார் தையல்காரர், பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே. "உங்க உம் இன்னிக்கு வேற எங்கேயோ போயி விழுது? தோள்பட்டையில வைக்க வேண்டிய கையைக் கொண்டுபோய் இடுப்புல வெச்ச மாதிரி இருக்கு."

மணியக்கா போதகர் அறைப் பக்கம் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். விசாரணை நாளிலிருந்து ஆலயத்தில் மாட்டியே திரிந்த மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க தம்பி. கேக்குது."

மழை விட்ட ஒரு காலையில் அவர் பிளாஸ்க் இல்லாமல் வந்தார். வாசலிலேயே நின்றார். "அக்கா, இன்னிக்கு ஒரு டம்ளர்தான் எடுத்தேன்" என்றார், தப்பு பண்ணிவிட்ட மாதிரி. அவளும் "உம்" என்றாள். அது அந்த மூன்று வகையில் எதிலும் சேராது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. இந்தச் சபையில் கண்ட நற்பலன்களை முன்னிட்டு எல்லாச் சபைகளிலும் காது கேளாத பணியாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். கிடைக்காத இடங்களில் கேட்கிறவர்களுக்கே கேளாமைப் பயிற்சி அளிக்கப்படும். நாற்பது நாள். பயிற்சி கொடுக்க மணியக்கா வர வேண்டும். அவளிடம் சான்றிதழ் இல்லாததால் முதலில் அவளும் அந்தப் பயிற்சியில் தேற வேண்டும்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஊரே அவளிடம் வந்து கொட்டிவிட்டுப் போகிறது, அவள் எங்கே போய்க் கொட்டுவாள்? வெளியே யாரிடம் சொன்னாலும் ஒரு படிவத்தில் வந்து நிற்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. உதடு தெரியாவிட்டால் அவருக்கு ஒன்றும் கேட்காது. இந்த உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அங்கே தப்பாகச் சொன்னாலும் தப்பில்லை, சரியாகச் சொன்னாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம். இருபத்திரண்டு வருஷமாக அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எல்லாவற்றையும், அவருடைய தங்கை அடிக்கிற கூத்து உட்பட, அவள் அந்த முதுகிடம்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாற்காலி, கோடு, ரெண்டாவது டீ, மேஜையில் விழுந்த மெஷின். பாதிக் கதையில் முதுகிலிருந்து "உம்" என்று வந்தது.

சரியான இடத்தில் வந்தது.

தூக்கத்தில் முனகல் என்று நினைத்து மேலே சொன்னாள். கட்டை விரலுக்கு ஒரு உம் வந்தது. ரெண்டாவது டம்ளரை எடுக்காத இடத்தில் கொஞ்சம் பொறுத்து, தணிந்து, ஒரு உம் வந்தது. போதகர் ஜென்மத்துக்கும் தேற முடியாத உம்.

மணியக்கா நிறுத்தினாள். பிறகு குரலை மாற்றாமல் சொன்னாள்: "இந்தக் கூத்தெல்லாம் பத்தாதுன்னு, நேத்து அடிச்ச காத்துல மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்துடுச்சு."

"அது எப்படி விழும்?" என்றது முதுகு. "காலையில நீதானே மணி அடிச்சே? ரெண்டு அடி கூடவே அடிச்சே."

முதுகு விறைத்துக்கொண்டது. மணியக்காவுக்கு இருபத்திரண்டு வருஷமும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவருடைய தங்கை முன்வரிசையில் நின்றாள்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். அவர் விளக்கம் கொடுக்க வேண்டும், பதிலுக்கு இவளும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் சொன்னது தன் காதில் விழுந்தது என்று இவள் ஒத்துக்கொள்ள வேண்டும். இவளுக்குக் காது கேட்காது என்று முத்திரை குத்திய உத்தரவு ஒன்று உப்பு டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

மணியக்கா மெதுவாகக் காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"என்னங்க, ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கத்தினாள்.

முதுகு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, அவள் கத்தியது அதற்குக் கேட்கவில்லை.